மான்ட்ரியல் 1997: பேசிவைத்த முடிவில் ஏமாற்று எப்படி நடக்கும்?

ஒவ்வொரு நவம்பரிலும் 'சர்வைவர் சீரிஸ்' என்ற ரெஸ்லிங் நிகழ்ச்சி நெருங்கும்போது ஒரு பழைய வீடியோத் துண்டு மறுபடி சுற்றுக்கு வருகிறது. இளஞ்சிவப்பும் கறுப்புமான உடையில் ஒருவர் மேடைக் கயிற்றருகே நின்று, கீழே நிற்பவரின் முகத்தில் துப்புகிறார். துப்பியவர் அன்றைய உலகச் சாம்பியன் பிரெட் ஹார்ட். எதிரே நின்றவர் அவருடைய முதலாளி வின்ஸ் மெக்மேன். 1997 நவம்பர் 9 அன்று கனடாவின் மான்ட்ரியல் நகரில், மோல்சன் சென்டர் அரங்கில், 20 ஆயிரத்துக்கும் அதிகமானோர் கண்முன்னால் நடந்தது இது. பேசிவைத்ததற்கு மாறாக, ஷான் மைக்கேல்ஸ் என்ற வீரரிடம் ஹார்ட் தோற்றதாக மணியடித்த இரவு அது. ரெஸ்லிங் ரசிகர்கள் இதை 'மான்ட்ரியல் ஸ்க்ரூஜாப்' (மான்ட்ரியல் துரோகம்) என்பார்கள்.

வீடியோவைப் புதிதாகப் பார்க்கிறவர்கள் கேட்பது ஒரே கேள்வி. இந்தப் போட்டிகளில் யார் ஜெயிப்பது என்பதை முன்னாடியே பேசி வைத்துவிடுகிறார்கள். அப்படியிருக்க, 'என்னை ஏமாற்றிவிட்டார்கள்' என்று ஒரு வீரர் எப்படிச் சொல்ல முடியும்? நியாயமான கேள்விதான். முடிவை முன்கூட்டியே பேசி வைத்ததால்தான் ஏமாற்ற முடிந்தது என்பது என் பதில். அது புரிய, கொஞ்சம் அடியிலிருந்து தொடங்க வேண்டும்.

## முதலில் நான்கு சொற்கள்

தொழில்முறை ரெஸ்லிங்கின் பேச்சுவழக்கு, அமெரிக்காவில் ஊர் ஊராகப் போன கார்னிவல் கூடாரங்களில் பிறந்தது. அதில் நான்கு சொற்கள் இங்கே வேண்டும்.

1. வொர்க்: பேசிவைத்து நடத்துவது. போட்டி, சண்டை, பகை, பேட்டி எதுவும் வொர்க் ஆகலாம்.

2. ஷூட்: பேசிவைக்காமல் நிஜமாக நடப்பது. மேடையில் ஒருவர் கோபத்தில் உண்மையாகவே குத்திவிட்டால் அது ஷூட்.

3. கேஃபேப்: வொர்க்கை ஷூட் போலவே காட்டிக்கொள்ளும் கட்டுப்பாடு. மேடையில் எதிரிகளாக இருப்பவர்கள் வெளியே ஒரே காரில்கூடப் போகக் கூடாது என்ற அளவுக்கு ஒரு காலத்தில் இதைக் கடைப்பிடித்தார்கள். 1989இல் மெக்மேனின் டபிள்யூடபிள்யூஎஃப் நிறுவனமே நியூஜெர்சி மாநில செனட் முன், 'நாங்கள் நடத்துவது விளையாட்டுப் போட்டி அல்ல, பொழுதுபோக்கு' என்று சொல்லிவிட்டது. விளையாட்டு ஆணையத்தின் வரியிலிருந்தும் கட்டுப்பாட்டிலிருந்தும் தப்பிக்கச் செய்த வேலை அது.

4. ஃபினிஷ்: போட்டி முடியும் விதம். யார், எந்தப் பிடியில், எந்தத் தருணத்தில் தோற்கிறார் என்பது. நடுவில் வரும் அடிதடியில் பெரும்பகுதியை வீரர்கள் மேடையிலேயே காதோடு காதாகப் பேசி அமைத்துக்கொள்வார்கள். ஃபினிஷ் மட்டும் அப்படியல்ல. இரண்டு வீரர்களும் நடுவரும் நிறுவனமும் முன்பே ஒத்துக்கொண்டிருக்க வேண்டும்.

## எது நிஜம்?

கூத்தில் துரியோதனன் படுகளத்தில் விழுவான் என்பது ஊருக்கே தெரியும். அதற்காக வீமன் வேடம் கட்டியவர் கதாயுதத்தை உண்மையாகவே தொடையில் இறக்கினால் அதை யாரும் ஆட்டம் என்று சொல்ல மாட்டார்கள். ரெஸ்லிங்கும் இப்படித்தான். முடிவு பொய்யாக இருக்கலாம், விழுகிற உடம்பு பொய்யில்லை. ஒருவர் உங்களைத் தலைகீழாகத் தூக்கும்போது உங்கள் கழுத்து அவர் கையில் இருக்கிறது.

1997 ஆகஸ்டில் 'சம்மர்ஸ்லாம்' போட்டியில் பிரெட்டின் தம்பி ஓவன் ஹார்ட், ஸ்டீவ் ஆஸ்டினைத் தலைகீழாகப் பிடித்து இறக்கும்போது பிடி ஒரு சில அங்குலம் பிசகியது. ஆஸ்டினின் தலை நேராகத் தரையில் மோதியது. சற்று நேரம் அவரால் கை கால்களை அசைக்க முடியவில்லை. அப்படியும் ஓவன் கூட்டத்தைச் சீண்டி நேரம் கடத்தினார், ஆஸ்டின் தவழ்ந்து வந்து அவரைச் சுருட்டிப் பிடித்தார், பேசிவைத்தபடி ஆஸ்டினே ஜெயித்தார். எழுந்து நிற்கக்கூட முடியாதவர் ஜெயிப்பதற்கு வழிவிட்டுப் படுத்துக்கொடுத்தார் ஓவன். ஒரு ஃபினிஷை இந்தத் தொழிலில் எவ்வளவு மதிப்பார்கள் என்பதற்கு எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல உதாரணம் இல்லை.

இருவரும் தங்கள் உடம்பை மற்றவரிடம் ஒப்படைத்துவிட்டுத்தான் மேடை ஏறுகிறார்கள். நடுவர் பொதுவான ஆள். ஃபினிஷ் இவர்களுக்குள் செய்துகொண்ட வாக்கு. மான்ட்ரியலில் உடைந்தது அந்த வாக்கு.

## ஒரு ஒப்பந்தம், இரண்டு நிறுவனங்கள்

90களின் நடுவில் அமெரிக்காவில் இரண்டு பெரிய ரெஸ்லிங் நிறுவனங்கள் மோதிக்கொண்டிருந்தன. ஒன்று மெக்மேனின் டபிள்யூடபிள்யூஎஃப். இன்னொன்று ஊடக அதிபர் டெட் டர்னரின் பணபலத்தில் ஓடிய டபிள்யூசிடபிள்யூ. இரண்டும் திங்கள் இரவில் ஒரே நேரத்தில் நிகழ்ச்சி நடத்தின. ஹல்க் ஹோகன், ஸ்காட் ஹால், கெவின் நாஷ் என்று மெக்மேனின் பெரிய தலைகள் வரிசையாக எதிர்முகாமுக்குப் போனார்கள். 1996 நடுவிலிருந்து 83 வாரம் தொடர்ந்து பார்வையாளர் கணக்கில் டபிள்யூசிடபிள்யூவின் 'நைட்ரோ'தான் முந்தியது.

1996இல் பிரெட் ஹார்ட்டுக்கும் அங்கிருந்து அழைப்பு வந்தது. மெக்மேன் அவரை விடவில்லை. இருபது ஆண்டு ஒப்பந்தம் போட்டார். கணக்கு இப்படி:

1. முதல் 3 ஆண்டு வீரராக, ஆண்டுக்கு 15 லட்சம் டாலர்.
2. அடுத்த 7 ஆண்டு ஆலோசகர் நிலையில், ஆண்டுக்கு 5 லட்சம் டாலர்.
3. கடைசி 10 ஆண்டு தேவைப்படும்போது அழைக்கும் நிலையில், ஆண்டுக்கு இரண்டரை லட்சம் டாலர்.

மொத்தம் 1 கோடியே 5 லட்சம் டாலர். எதிர்முகாம் காட்டிய ஆண்டுத் தொகை இதைவிடப் பெரியது. ஹார்ட் இருக்கும் இடத்திலேயே இருந்துவிட்டார். கனடாவின் கால்கரி நகரில் ரெஸ்லிங் நடத்திய ஸ்டூ ஹார்ட்டின் மகன் அவர். வீட்டு அடித்தளத்தில் இருந்த பயிற்சி அறையில் பிடிகளைக் கற்றவர். 1984 முதல் மெக்மேனிடம் வேலை செய்தவர். மெக்மேனை அப்பா இடத்தில் வைத்திருந்தார் என்று அவரே சொல்லியிருக்கிறார்.

ஓராண்டுகூட முழுதாக ஓடவில்லை. 1997 செப்டம்பரில் மெக்மேன் அவரை அழைத்து, நிறுவனத்தின் பண நிலைமை மோசம், இந்தச் சம்பளம் தாங்காது, டபிள்யூசிடபிள்யூவிடம் பேசிப் பார் என்றார். முதலாளியே போகச் சொன்னார் என்ற இந்த இடத்தைப் பலர் மறந்துவிடுகிறார்கள். நவம்பர் தொடக்கத்தில் ஹார்ட் அங்கே கையெழுத்துப் போட்டார். ஆண்டுக்குச் சுமார் 25 லட்சம் டாலர், மூன்று ஆண்டு. பழைய இடத்தில் டிசம்பர் தொடக்கம் வரை வேலை பாக்கி இருந்தது.

அந்த ஒப்பந்தத்தில் ஒரு வரி உண்டு. வேலையின் கடைசி 30 நாளில் தன் பாத்திரம் எப்படி நடத்தப்படுகிறது என்பதில் ஹார்ட்டுக்கு நியாயமான அளவு கட்டுப்பாடு இருக்கும் என்ற வரி. பிற்பாடு நடந்த அத்தனை வாக்குவாதமும் இந்த ஒற்றை வரியைச் சுற்றித்தான்.

## பெல்ட் ஏன் சிக்கலானது?

கிளம்புகிறவர் சாம்பியனாக இருந்ததுதான் சிக்கல். ஆகஸ்டில் அண்டர்டேக்கரை வென்று ஐந்தாவது முறையாகப் பட்டம் வாங்கியிருந்தார் ஹார்ட்.

சாம்பியனின் அடையாளமான பெல்ட் வெறும் தோலும் உலோகமும்தான், ஆனால் நிறுவனத்தின் கதை முழுவதும் அதைச் சுற்றி நடக்கிறது. 1995 டிசம்பரில் டபிள்யூடபிள்யூஎஃப் பெண்கள் சாம்பியனாக இருந்த மடூசா, பட்டத்தோடு எதிர்முகாமுக்குப் போய், 'நைட்ரோ' நேரலையில் அந்த பெல்ட்டைக் குப்பைத்தொட்டியில் போட்டார். மெக்மேனுக்கு அது ஆறாத புண். (1991இல் ரிக் ஃப்ளேர் டபிள்யூசிடபிள்யூ பெல்ட்டோடு வந்தபோது அதைத் தன் நிகழ்ச்சியில் காட்டி லாபம் பார்த்தவர் இதே மெக்மேன் என்பதையும் சொல்ல வேண்டும்.) ஹார்ட் போகிற செய்தியை எதிர்முகாமை நடத்திய எரிக் பிஷாஃப் நவம்பர் 10, திங்கள் இரவே நேரலையில் அறிவித்துவிட்டால்? தன் சாம்பியன் இன்னொருவரின் ஆள் என்று நாடு முழுவதும் தெரிந்துவிடும். அந்தப் பயத்தில் பொருள் இருந்தது.

பே-பர்-வியூ அந்த நாளில் எப்படி ஓடியது என்பதையும் இங்கே சுருக்கமாகச் சொல்லிவிடலாம். வாரா வாரம் தொலைக்காட்சியில் இலவசமாகக் கதையை வளர்ப்பார்கள். அதன் உச்சக்கட்டத்தைத் தனிக்காசு கட்டினால்தான் வீட்டில் பார்க்க முடிந்தது. கேபிள் நிறுவனமும் ரெஸ்லிங் நிறுவனமும் அந்தக் காசைப் பங்கு போட்டுக்கொண்டன. ஆக, பெரிய பட்டம் 'சர்வைவர் சீரிஸ்' போன்ற பெரிய பே-பர்-வியூவில் கை மாறினால்தான் வியாபாரத்துக்கு நல்லது.

சரி, ஹார்ட் ஏன் தோற்க மறுத்தார்? தோற்கவே மாட்டேன் என்று அவர் சொல்லவில்லை. ஆஸ்டினிடமோ அண்டர்டேக்கரிடமோ தோற்கத் தயார் என்றார். கனடா மண்ணில் ஷான் மைக்கேல்ஸிடம் மட்டும் மாட்டேன் என்றார். அதற்கு இரண்டு காரணம்.

1. அந்த ஆண்டு முழுவதும் ஹார்ட்டின் பாத்திரம், அமெரிக்காவைத் திட்டும் கனடாக்காரர். அமெரிக்க ஊர்களில் அவர் வில்லன். எல்லை தாண்டினால் தேசத் தலைவர் போல வரவேற்பு. ஜூலையில் கால்கரி அரங்கமே அவர் குடும்பத்துக்காக எழுந்து நின்றது. அந்த ரசிகர்கள் முன்னால் தோற்றுவிட்டுப் போக அவருக்கு மனம் வரவில்லை.

2. மைக்கேல்ஸோடு இருந்த பகை நிஜமானது. ஜூன் மாதம் உடைமாற்றும் அறையில் இருவரும் கட்டிப் புரண்டிருக்கிறார்கள். 'உன்னிடம் தோற்க எனக்குச் சம்மதம்' என்று ஹார்ட் சொன்னபோது, 'உன்னிடம் தோற்க எனக்குச் சம்மதமில்லை' என்று மைக்கேல்ஸ் பதில் சொன்னதாக ஹார்ட் பலமுறை சொல்லியிருக்கிறார்.

மெக்மேன் தரப்பும் வெறும் சாக்கு இல்லை. கிளம்புகிறவர், முதலாளி கைகாட்டுகிறவரிடம் தோற்றுவிட்டுப் போக வேண்டும் என்பது தொழிலின் பழைய மரபு. எழுதாத மரபு ஒரு பக்கம், எழுதிக் கையெழுத்துப் போட்ட வரி இன்னொரு பக்கம். என் பார்வையில் எழுதிய வரிக்குத்தான் எடை அதிகம். அந்த வரியைக் கொடுத்தவரே மெக்மேன்தானே.

அன்று பிற்பகல் இருவரும் தனியாகப் பேசினார்கள். இரண்டு தரப்பு ஆட்களும் உள்ளே புகுந்து போட்டி குழப்பத்தில், வெற்றி தோல்வி இல்லாமல் முடியட்டும், மறுநாள் ஒட்டாவா நிகழ்ச்சியில் ஹார்ட் பட்டத்தைத் தானே ஒப்படைக்கட்டும் என்று முடிவானது.

## அந்தச் சில நொடிகள்

போட்டி அடிதடியோடு கூட்டத்துக்குள்ளேயே தொடங்குகிறது. அதைச் சாக்காக வைத்து மெக்மேனும் அதிகாரிகளும் மேடையோரம் வந்து நிற்கிறார்கள். வழக்கமாக வர்ணனை மேசையில் இருக்க வேண்டிய மெக்மேன் நின்றுகொண்டிருப்பதே ஒரு தடயம். வீட்டில் பார்த்தவர்களுக்கு அது அன்று புரிந்திருக்க வழியில்லை.

பன்னிரண்டு நிமிடம் தாண்டியதும் மைக்கேல்ஸ், ஹார்ட்டைக் கீழே போட்டு 'ஷார்ப்ஷூட்டர்' பிடியைப் போடுகிறார். எதிராளியின் கால்களைப் பின்னிக் குப்புறத் திருப்பி, முதுகின் மேல் சாய்ந்து உட்காரும் பிடி. ஹார்ட்டின் முத்திரைப் பிடியே அதுதான். தன் பிடியிலேயே தான் மாட்டி அதை முறித்துத் திருப்பிப் போடுவது என்பது பேசிவைத்த திட்டம். அந்தக் காட்சியைச் சேர்க்கலாம் என்று யோசனை சொன்னவர் மெக்மேனின் ஆளான முன்னாள் வீரர் பேட் பேட்டர்சன்.

காட்சியை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். ஹார்ட் குப்புறக் கிடக்கிறார். முகத்தில் வலி இருக்கிறது, பதற்றம் இல்லை. தனக்குத் தெரிந்த அடுத்த அசைவுக்காகக் காத்திருக்கும் முகம். அவர் கை பின்னால் போய் மைக்கேல்ஸின் காலைத் தேடுகிறது. அதற்குள் நடுவர் ஏர்ல் ஹெப்னர் மணியடிப்பவர் பக்கம் திரும்பிக் கத்துகிறார். மெக்மேனும் 'மணியை அடி' என்று கத்துகிறார். மணி அடிக்கிறது. அதே நேரத்தில் ஹார்ட்டின் கை காலைப் பிடித்து இழுத்துவிட, மைக்கேல்ஸ் விழுகிறார். அதாவது பிடி முறிந்துவிட்டது. ஹார்ட் தன் பங்கைப் பேசிவைத்தபடியே செய்து முடித்திருந்தார்.

ஹெப்னர் மேடையை விட்டு ஓடிப்போய்த் தயாராக இருந்த காரில் ஏறிவிட்டார். முந்தின நாள் ஹார்ட் அவரிடம் நேரடியாகக் கேட்டிருந்தார். 'அப்படிச் செய்யமாட்டேன்' என்று தன் பிள்ளைகள் மேல் சத்தியம் செய்தவர் ஹெப்னர். மைக்கேல்ஸ் தானும் அதிர்ந்தது போல முகத்தை வைத்துக்கொண்டு பெல்ட்டோடு வெளியேறினார். ஒளிபரப்பு சட்டென்று முடிந்தது. அரங்கில் இருந்தவர்கள் மட்டும் மிச்சத்தைப் பார்த்தார்கள். ஹார்ட் நான்கு பக்கமும் திரும்பி, விரலால் காற்றில் டபிள்யூசிடபிள்யூ என்று எழுதினார். மேடையோரத் திரைகளைத் தூக்கி உடைத்தார். அப்புறம் உடைமாற்றும் அறைக்கு வந்த மெக்மேனை ஒரே குத்தில் வீழ்த்தினார். அடுத்த வாரம் மெக்மேன் கண் வீங்கிய நிலையிலேயே பேட்டி கொடுத்தார். தன்னைக் கெடுத்துக்கொண்டது பிரெட்டேதான் என்பது அவருடைய வாதம்.

   

## இதுவும் ஒரு வொர்க்தானா?

எல்லாமே திட்டமிட்ட நாடகம், ஹார்ட்டும் உடந்தை என்று நம்புகிறவர்கள் இன்றும் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. மூன்று காரணம்.

1. அந்த மாதங்களில் ஒரு ஆவணப்படக் குழு ஹார்ட்டைப் பின்தொடர்ந்துகொண்டிருந்தது. பிற்பகல் பேச்சின்போது ஹார்ட்டின் உடையில் மைக் இருந்தது. குழப்ப முடிவுக்கு மெக்மேன் சம்மதிக்கும் குரல் அந்தப் பதிவில் கேட்கிறது. 1998இல் படம் வெளியானது.

2. உடனிருந்தவர்களின் செயல். 'மேன்கைண்ட்' என்ற பாத்திரத்தில் நடித்த வீரர் மிக் ஃபோலி மறுநாள் ஒட்டாவாவுக்குப் போகாமல் வீட்டுக்குப் போய்விட்டார். மைத்துனர்கள் டேவி பாய் ஸ்மித்தும் ஜிம் நைட்ஹார்ட்டும் விரைவில் நிறுவனத்தை விட்டு விலகினார்கள். தனக்கு எதுவும் தெரியாது என்று அன்று சொன்ன மைக்கேல்ஸ், சில ஆண்டுகள் கழித்து முன்பே தெரியும் என்று ஒத்துக்கொண்டார்.

3. இது முதல் தடவை இல்லை. 1925இல் ஃபிலடெல்பியாவில், சாம்பியன் வேய்ன் மன்னிடம் தோற்பதாகப் பேசிவிட்டு மேடையேறிய ஸ்டானிஸ்லாஸ் ஸ்பிஸ்கோ, அவரை நிஜமாகவே புரட்டிப்போட்டுப் பட்டத்தை எடுத்துக்கொண்டார். 1985 நவம்பரில் நியூயார்க்கில் வெண்டி ரிக்டரை மெக்மேனின் நிறுவனமே இதே பாணியில் ஏமாற்றியது. முகமூடி போட்ட எதிராளி அவரை அமுக்கினார். ரிக்டர் தோளைத் தூக்கியும் நடுவர் மூன்று எண்ணிவிட்டார்.

## பின்விளைவுகள்

மெக்மேனுக்கு அந்த இரவு எதிர்பாராத லாபமாக முடிந்தது. அதுவரை பெரும்பாலான ரசிகர்களுக்கு அவர் ஒரு வர்ணனையாளர்தான். மான்ட்ரியலுக்குப் பிறகு அவரே முதலாளி என்பதும், எப்படிப்பட்ட முதலாளி என்பதும் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. மக்களின் வெறுப்பை அப்படியே மேடைக்குக் கொண்டுவந்து 'மிஸ்டர் மெக்மேன்' என்ற வில்லனானார். அவருக்கு எதிராக, முதலாளிக்கு அடங்காத தொழிலாளியாக ஸ்டீவ் ஆஸ்டின். 1998 ஏப்ரல் 13 அன்று 83 வாரத் தோல்வி முடிவுக்கு வந்தது. 2001இல் டபிள்யூசிடபிள்யூவையே மெக்மேன் விலைக்கு வாங்கினார்.

ஹார்ட்டுக்கு நடந்தது நேர்மாறு. புதிய இடத்தில் அவரை என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. உலகமே பேசிய ஒரு மனிதரை வாங்கிவிட்டு ஓரத்தில் நிறுத்தினார்கள். 1999 மே மாதம் கான்சஸ் சிட்டியில், மெக்மேன் நிறுவனத்திலேயே தங்கிவிட்ட தம்பி ஓவன், கூரையிலிருந்து கயிற்றில் இறங்கும் காட்சியில் விழுந்து இறந்தார். அதே ஆண்டு டிசம்பரில் கோல்ட்பர்க் உதைத்த உதையில் ஹார்ட்டுக்குத் தலையில் பலத்த அடி. அதோடு அவருடைய தொழில் வாழ்க்கை முடிந்தது. 2002இல் பக்கவாதம் வந்தது. வருடக்கணக்கில் மற்றவர்களின் உடம்பைப் பத்திரமாகப் பார்த்துக்கொண்டதைத் தன் பெரிய பெருமையாகச் சொன்னவர் ஹார்ட். அவருடைய உடம்பைத்தான் யாரும் பார்த்துக்கொள்ளவில்லை.

2010 ஜனவரி 4, ஓஹையோ மாநிலத்தின் டேட்டன் நகரம். பன்னிரண்டு ஆண்டுக்குப் பிறகு ஹார்ட் மெக்மேன் நிறுவனத்தின் 'ரா' நிகழ்ச்சி மேடையில் நின்று மைக்கேல்ஸை வெளியே அழைத்தார். மான்ட்ரியலைப் பற்றி நேருக்கு நேர் பேசினார்கள், கை குலுக்கினார்கள். மைக்கேல்ஸ் தன் பிரபலமான உதைக்குத் தயாராவது போல ஒரு கணம் காட்டினார். அந்த ஒரு கணம் இது வொர்க்கா ஷூட்டா என்று அரங்கத்தில் யாருக்கும் தெரியவில்லை. பிறகு இருவரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள்.